ஒன்றரை வயசு ஊசி போடும் நாள்: குழந்தைநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆட்டிசம் உள்ள 9 வயதுப் பையனுக்கு அம்மா. அவனுக்கு ஒரு தங்கை, வயது 5.

போன மாதம் மதிய இடைவேளையில் எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் தன் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒன்றே முக்கால் வயதாகிறது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. ஊசி போடப் போன இடத்தில் மகள் டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். "பையன்தானே, லேட்டாத்தான் பேசுவான். மூணு வயசு வரைக்கும் பாப்போம்மா" என்று அனுப்பிவிட்டாராம்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏழரை வருடத்துக்கு முன்னால் எனக்குச் சொல்லப்பட்டதும் இதேதான். ஒரு சொல் மாறவில்லை. அன்று இரவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

என் பையனுக்கு ஒன்றரை வயது ஊசி போடப் போன நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மாலை ஆறரை மணி. டோக்கன் நம்பர் 41. காத்திருந்த நேரம் முழுவதும் அவன் தரையில் உட்கார்ந்து, என் பையிலிருந்த எவர்சில்வர் டப்பாவின் மூடியைச் சுழல விட்டுக்கொண்டிருந்தான். அது சுற்றி, தள்ளாடி, படுக்கும். உடனே எடுத்து மறுபடியும் விடுவான். பக்கத்தில் ஒரு பெண் குழந்தை வந்து நின்று அவனையே பார்த்தது. அவன் நிமிரவே இல்லை. எங்கள் முறை வந்ததும் நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான் சார். ஆனா அடுப்படியில பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா ஓடி வர்றான்."

டாக்டர் அவன் காதருகே விரலைச் சொடுக்கினார். அவன் தலையைத் திருப்பினான். "காது நல்லாக் கேக்குது. வீட்ல யாராவது லேட்டா பேசினாங்களா?" என் மாமியார் முந்திக்கொண்டு, "இவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்" என்றார். "அப்புறம் என்னம்மா, பாப்போம்." ஊசி, பாரசிட்டமால் சொட்டு மருந்து, அடுத்த ஆள். மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த டாக்டர் நல்லவர். நடு இரவில் காய்ச்சல் என்று போன் செய்தால் எடுப்பவர். என்னைப் பயமுறுத்தக் கூடாது என்ற அக்கறையில்தான் அப்படிச் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்க ஆசைப்பட்டேன். நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினேன். 'ஆட்டிசம்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு 3 வயது 8 மாதம். நடுவில் 26 மாதம்.

அந்த 26 மாதத்தில் ஒரு சின்ன மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பிறகுதான் படித்தேன். நீங்கள் கல்லூரியிலேயே படித்தவர்கள். ஆனாலும் ஓர் அம்மாவாகப் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பிறந்த குழந்தையின் மூளை முதல் வருடத்தில் கனஅளவில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் இன்னும் 15 சதவீதம்போல வளர்கிறது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வேகம் திரும்புவதில்லை. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் தேவைக்கு மேல் முளைத்து, பயன்படுகிறவை தங்கி, பயன்படாதவை கழிந்து போகின்றன. நான் டெல்டாக்காரி என்பதால் எனக்கு வயல்தான் நினைவுக்கு வந்தது. நேரடி விதைப்பில் நெருக்கமாக முளைத்துவிட்ட இடத்தில் கொஞ்சம் பிடுங்கி இடைவெளி விட்டால்தான் மிச்சப் பயிர் தூர் கட்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் சல்சர் குழு, இறந்துபோன குழந்தைகளின் மூளைத் திசுவில் இந்த இணைப்புகளை எண்ணிப் பார்த்து 2014-இல் வெளியிட்டது. மற்றப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்து பதின்ம வயதுக்குள் அவற்றின் அடர்த்தி பாதியாகக் குறைந்திருந்தது. ஆட்டிசம் இருந்த பிள்ளைகளுக்கு 16 சதவீதம்தான் குறைந்திருந்தது. களைய வேண்டியது களையப்படாமல் நிற்கும் வயல். அதில் வாழ்கிற பிள்ளைக்குக் குக்கர் விசில் ஏன் இடியாக விழுகிறது, சட்டையின் பின்கழுத்து லேபிள் ஏன் முள்ளாகக் குத்துகிறது என்பதெல்லாம் இந்த ஒரு காரணத்தால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதைப் படித்த அன்று அவன் சட்டை லேபிள் எல்லாவற்றையும் உட்கார்ந்து கத்தரித்தேன்.

என்னை உலுக்கியது 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. வட கரோலினாவில் ஹெதர் ஹாஸ்லெட், ஜோசப் பிவன் ஆகியோர் மற்ற ஊர் ஆய்வாளர்களுடன் சேர்ந்து செய்தது. அண்ணனோ அக்காவோ ஆட்டிசத்துடன் இருக்கும் 106 கைக்குழந்தைகளை 6, 12, 24 மாதங்களில், அவர்கள் தூங்கும் நேரமாகப் பார்த்து ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அவர்களில் 15 பேருக்கு இரண்டு வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. பின்னோக்கிப் பார்த்தால், அந்தக் குழந்தைகளுக்கு 6-லிருந்து 12 மாதத்துக்குள் மூளையின் வெளியடுக்கான புறணியின் பரப்பு மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது. அதையடுத்து இரண்டாம் வருடத்தில் மூளையின் மொத்த அளவு கூடியிருந்தது. பிறரோடு பழகுவதில் உள்ள சிரமம் வெளியே தெரியத் தொடங்குவதும் அந்த இரண்டாம் வருடத்தில்தான்.

அதாவது, நான் டோக்கன் நம்பர் 41-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த வேகத்தின் நட்டநடுவில். "மூணு வயசு வரைக்கும் பாப்போம்" என்பதற்கு, அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி முடியும்வரை காத்திருப்போம் என்று பொருள்.

இன்னொன்று. 2013-இல் அட்லாண்டாவில் வாரன் ஜோன்ஸும் அமி கிளினும் கைக்குழந்தைகளின் பார்வையைக் கருவி வைத்துத் தொடர்ந்தார்கள். பிற்பாடு ஆட்டிசம் என்று அறியப்பட்ட குழந்தைகளும் இரண்டு மாதத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு என் பையனின் பழைய வீடியோக்களைத் தேடினேன். மூன்று மாதத்தில் எடுத்தது ஒன்று இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இதைச் சொல்வது, எல்லாக் கைக்குழந்தைக்கும் எம்.ஆர்.ஐ. எழுதுங்கள் என்பதற்காக இல்லை. அது ஆய்வுக்கூடத்து வேலை. ஒரு தனிக் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் முறை மருத்துவமனையில் இன்னும் வரவில்லை. ஆட்டிசத்துக்கென்றே ஸ்கேன், இ.இ.ஜி., ஊர்பேர் தெரியாத ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்து நகையை அடகு வைக்க விட்ட கதைகள் எங்கள் பெற்றோர் குழுவில் ஏராளம். உங்கள் மேஜையில் தலைச்சுற்றளவு பார்க்க இருக்கும் இன்ச் டேப் கூட இதற்குப் போதாது. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் முதன்முதலில் விவரித்த 11 குழந்தைகளில் 5 பேருக்குத் தலை சற்றுப் பெரிதாக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஆட்டிசம் உள்ள பையன்களில் உடல் அளவுக்கு மீறிய பெரிய மூளை 15 சதவீதம் பேருக்குத்தான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. என் பையனின் தலைச்சுற்றளவு எப்போதும் வளர்ச்சி வரைபடத்தின் நடுக்கோட்டிலேயேதான் போனது.

நான் கேட்பது அதைவிட எளிய ஒன்று. என் மகளுக்கு நடந்ததைச் சொன்னால் புரியும்.

அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அதனால் மகள் பிறந்ததிலிருந்தே எனக்கு வயிற்றில் நெருப்பு. அவளுக்கு ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். புதிதாக வந்த இளம் டாக்டர். அண்ணனைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கோட்டெல்லாம் தூசி. ஒரு பேனா மூடியைக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிரிக்கப் பார்த்தாள். பிறகு மேலே கைநீட்டி, "அங்க பாரு பாப்பா, ஃபேன்!" என்றார். அவள் அவர் விரலைப் பார்த்தாள், அப்புறம் ஃபேனைப் பார்த்தாள், அப்புறம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த மூணாவது பார்வை இருக்கு பாருங்கம்மா, அதைத்தான் தேடினேன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவள் நன்றாக இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் பாதி. மீதி, என் பையனுக்கு அந்த மூன்றாவது பார்வை இல்லை என்பதை இதே வயதில் யாராவது இரண்டு நிமிடம் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கலாமே என்பதற்கு. அவர் அத்தோடு விடவில்லை. ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்ற 20 கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் செய்தார். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது அது. காசு கிடையாது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள், அதுவும் உண்மை.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைக்கும் ஆட்டிசத்துக்கான சோதனை செய்யச் சொல்கிறது. அமெரிக்காவை விடுங்கள். உங்கள் இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸே 9-12 மாதம், 18-24 மாதம், பள்ளியில் சேரும் வயது என்று மூன்று முறை வளர்ச்சிச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறது. நம் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை-ரூபெல்லா முதல் டோஸ் 9 மாதத்தில், இரண்டாம் டோஸும் டி.பி.டி. பூஸ்டரும் 16-லிருந்து 24 மாதத்துக்குள். அகாடமி சொல்லும் வயதும் அட்டவணை சொல்லும் வயதும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. பேச்சு வரவில்லை என்று ஒரு தாய் தனியாகக் கிளம்பி வர எத்தனையோ தடை உண்டு. மாமியார், பஸ் செலவு, பயம், ஊர் வாய். ஊசி போட என்றால் வந்துவிடுகிறாள். தமிழ்நாட்டில் அந்த நாளைத் தவறவிடும் குழந்தைகள் குறைவு. அன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கும் குழந்தை, அதற்கப்புறம் பல வீடுகளில் காய்ச்சல் வந்தால்தான் உங்களிடம் வரும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது, மையம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வளர்ச்சியில் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கு உதவும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன. டி.ஈ.ஐ.சி. என்றால் மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே அனுப்புவதற்கு 'ஆட்டிசம்' என்று நீங்கள் உறுதியாக எழுத வேண்டியதில்லை. வளர்ச்சித் தாமதம் என்ற சந்தேகமே போதும். கூடவே, விரல் சொடுக்கிப் பார்க்காமல், முறையான கேட்புத்திறன் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு சீட்டு எனக்குக் கிடைத்திருந்தால் இந்த மடலுக்கே வேலையில்லை.

மையத்தில் நெரிசல், தெரபிஸ்ட் பற்றாக்குறை, வாரம் ஒரு நாள்தான் முறை கிடைக்கும், எல்லாம் தெரியும். நானே இரண்டு பஸ் மாறிப் போனவள். ஆனால் ஆரம்ப உதவி என்றாலே ஏ.சி. அறையில் பல ஆயிரம் ரூபாய்த் தெரபி என்று நினைக்க வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2016-இல் வெளிவந்தது. உதவியவர்கள் மருத்துவர்களோ தெரபிஸ்டுகளோ இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டி, "இந்த இடத்துல அவன் உங்ககிட்ட ஏதோ கேக்கிறான், பாருங்க" என்று சொல்லிக் கொடுப்பதுதான் முறை. குழந்தைகள் தாங்களாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது கூடியது. ஆஸ்திரேலியாவில் பெர்த், மெல்போர்ன் நகரங்களில் இதே போன்ற முறையை ஒரு வயதை ஒட்டிய, ஆரம்ப அறிகுறிகள் தெரிந்த 103 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். ஆட்டிசம் என்று யாரும் எழுதிக் கொடுக்கும் முன்பே தொடங்கிவிட்டார்கள். மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்கள் அந்த உதவி பெற்ற குழுவில் சுமார் 7 சதவீதம், பெறாத குழுவில் சுமார் 21 சதவீதம். 2021-இல் வந்த முடிவு இது. ஒரே ஓர் ஆய்வு, பெரிய ஆய்வும் இல்லை, ஆட்டிசம் 'குணமாகிவிட்டது' என்றும் நான் சொல்ல வரவில்லை. என் பையன் குணமாக வேண்டிய நோயாளி இல்லை. சீக்கிரம் தொடங்கினால் அந்தப் பிள்ளையின் நாட்கள் இலகுவாகின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

எப்படி இலகுவாகும் என்றால், இப்படி. இரண்டு வயதிலிருந்து என் பையன் சுவரில் தலையை முட்டிக்கொள்வான். நெற்றியில் எப்போதும் ஒரு புடைப்பு. கண் பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டோம், கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். நாலு வயதுக்குப் பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட் படத்தைக் கொடுத்துக் கேட்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார். முதல் படம், ஒரு டம்ளர் தண்ணீர். மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது அவன் வந்து அந்த அட்டையை என் கையில் வைத்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான். முட்டிக்கொள்ளவில்லை. அத்தனை மாதமும் அவன் கேட்டது தண்ணீர்! இரண்டு வயதிலேயே அந்த அட்டையை அவன் கையில் கொடுத்திருக்க முடியும். அதற்கு எந்தப் பரிசோதனை முடிவும் வேண்டியதில்லை. ஒருவேளை ஆட்டிசம் இல்லை என்று பிறகு தெரிந்தால்தான் என்ன, ஒரு தண்ணீர் அட்டையால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை.

அப்புறம், அந்தக் கேள்வி. "போன் குடுத்தீங்களா? டி.வி. போட்டு விட்டீங்களா?"

கைக்குழந்தைக்குத் திரை வேண்டாம் என்பது நல்ல அறிவுரைதான். சொல்லுங்கள். ஆனால் ஆட்டிசமோ என்ற சந்தேகத்தோடு வந்து நிற்கும் தாயிடம் முதல் கேள்வியாக அதைக் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் காதில் வாங்க மாட்டாள். வீட்டுக்குப் போனதும் கணவர், மாமியார், நாத்தனார் எல்லோரும், "டாக்டரே சொல்லிட்டாரு, உன் போனாலதான்" என்பார்கள். 2014-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இறந்துபோன 11 ஆட்டிசக் குழந்தைகளின் மூளையில் 10 பேருக்குப் புறணியின் அடுக்குகளில் அங்கங்கே ஒழுங்கு குலைந்த திட்டுகள் இருந்தன. ஆட்டிசம் இல்லாத 11 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அந்த அடுக்குகள் உருவாவது தாயின் வயிற்றுக்குள், கர்ப்பத்தின் நடுமாதங்களில். அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை, டாக்டர். போனைப் பார்ப்பது எங்கே? ஒரு காலத்தில் பாசமில்லாத தாய்களால் ஆட்டிசம் வருகிறது என்று படித்தவர்களே எழுதினார்கள். அது பொய் என்று ஒதுக்கியாகிவிட்டது. அதன் இடத்தில் இப்போது செல்போனை வைத்திருக்கிறோம். தடுப்பூசிப் பயமும் அப்படித்தான். அதைக் கிளப்பிய 1998 கட்டுரையை 'லான்செட்' 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டென்மார்க் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில் தொடர்பு எதுவும் இல்லை. தயவுசெய்து இதை நீங்கள் வாய்விட்டு, எங்கள் மாமியார்கள் முன்னாலேயே சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் எடுபடாது.

ஆட்டிசத்தைச் சரிசெய்யும் என்று சொல்லிப் போடும் ஸ்டெம் செல் ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. "பாப்போம்" என்று அனுப்பப்பட்டவர்கள் மூன்று நான்கு வயதில் பதறி ஓடுகிற இடம் அதுதான். தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. லட்சங்களில் கடன் வாங்கி நிற்கும் குடும்பங்களை நான் அறிவேன். நேரத்தோடு ஒரு சரியான சீட்டு கிடைத்த வீடு அந்த வாசலில் போய் நிற்பதில்லை.

உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு மாலையில் எண்பது குழந்தைகள். ஒருத்தி காய்ச்சல் என்பாள், ஒருத்தி சளி என்பாள், அலறும் குழந்தைக்கு நடுவில் வளர்ச்சி பார்க்க ஏது நேரம். அவசரமாகச் சொல்லி, நாளைக்கு அந்தப் பையன் மளமளவென்று பேசிவிட்டால் நம்மைத் திட்டுவார்களே என்ற தயக்கமும் இருக்கும். தாமதமாகப் பேசித் தானாகச் சரியாகும் குழந்தைகள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு தாமதமாவது வேறு. பேச்சும் இல்லை, கைநீட்டிக் காட்டுவதும் இல்லை, பெயருக்குத் திரும்புவதும் இல்லை என்றால் அது வேறு. என் மாமியார் சொன்னது உண்மை, என் கணவர் நாலு வயதில்தான் பேசினார். ஆனால் ஒன்றரை வயதிலேயே தெருவில் போகும் மாட்டைக் காட்டி அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடுவாராம். அதையும் மாமியாரேதான் பிற்பாடு சொன்னார். அன்றைக்கு யாராவது இந்த அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிப் படிகள் படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். என் பையனின் அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். ஊசிப் பக்கம் முழுவதும் தேதி, முத்திரை, கையெழுத்து. வளர்ச்சிப் பக்கம் அச்சகத்தில் இருந்து வந்தபடியே வெள்ளையாக இருக்கிறது. செவிலியர் ஊசியை எடுத்து வருவதற்குள் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். உங்களுக்கு நேரமில்லை என்றால், எடை பார்க்கும் சகோதரியிடம் அந்த 20 கேள்விகளைக் கொடுத்துக் கேட்கச் சொல்லலாம். எங்கள் பெற்றோர் குழுவில் உள்ளவர்கள் கிளினிக்குக்கே வந்து தமிழில் கேட்டு நிரப்பித் தரவும் தயார். கூலி வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும்.

"பாப்போம்" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. "இப்பவே தொடங்குங்கம்மா, கூடவே பாப்போம்" என்று சொல்லுங்கள்.

அந்த டீச்சரின் பேரனை நாளை வியாழக்கிழமை டி.ஈ.ஐ.சி.க்கு அழைத்துப் போகிறோம். நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை.

இப்படிக்கு,
ஓர் அம்மா
தஞ்சாவூர் மாவட்டம்